கேலிச்சித்திரமும் பொய்ச்சாட்சியும்: தாமஸ் நாஸ்டின் ஓவியங்களைக் குறித்து ஓர் ஆய்வு

திருச்சபை வரலாற்று வகுப்பில் பல ஆண்டுகளாக நான் மாணவருக்குக் காட்டிவந்த கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்னும் வார இதழில் 1871-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அது வெளிவந்தது. வரைந்தவர் தாமஸ் நாஸ்ட். படத்தில் ஓர் ஆற்றங்கரை. ஆற்றிலிருந்து முதலைகள் வாய் பிளந்து கரையேறி வருகின்றன. உற்று நோக்கினால் அவை முதலைகள் அல்ல, கத்தோலிக்கப் பேராயர்கள் என்பது விளங்கும். அவர்கள் தலையில் அணிந்திருக்கும் கூர்முடிகளே பற்கள் நிறைந்த வாய்களாகத் தோன்றுமாறு ஓவியர் வரைந்திருக்கிறார். கரையில் பள்ளிச் சிறுவர் அஞ்சி ஒடுங்கியிருக்க, அவர்களுக்கு முன்பாக ஓர் ஆசிரியர் சட்டைக்குள் செருகிய திருமறையுடன் அசையாமல் நிற்கிறார்.

இப்படத்தைக் கண்டபோதெல்லாம் மாணவர் சிரித்ததுண்டு. நானும் அவர்களுடன் சிரித்திருக்கிறேன். அந்த ஆசிரியரின் துணிவைச் சீர்திருத்தத் திருச்சபையின் துணிவாகவே நாங்கள் எண்ணிக்கொண்டோம். ஓர் ஆண்டில் மட்டும் பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருவர் சிரிக்கவில்லை. "ஐயா, அமெரிக்க நாட்டு ஆற்றுக்குக் கங்கை என்று ஏன் பெயர் வைத்தார்கள்?" என்று கேட்டார். படத்தின் தலைப்பு 'அமெரிக்கக் கங்கை ஆறு' என்பதே. அத்தலைப்பை எத்தனையோ முறை வாசித்திருந்தும் அக்கேள்வி எனக்குள் எழுந்ததே இல்லை. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அக்கேள்விக்கு உரிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1. ஓவியரும் அவருடைய காலமும்

தாமஸ் நாஸ்ட் 1840-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லாண்டாவு என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1846-ஆம் ஆண்டு நியூயார்க் நகரை வந்தடைந்தார். பின்னாளில் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவரானார். 1862-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் வரைந்தார். குடியரசுக் கட்சியின் சின்னமாக யானையை நிலைநிறுத்தியவர் அவரே. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு இன்று நாம் அறிந்துள்ள உருவத்தைத் தந்தவர்களிலும் அவர் முதன்மையானவர்.

அவரை எளிதில் கண்டித்து ஒதுக்கிவிட இயலாது. அடிமை முறையை அவர் மனமார வெறுத்தார். 1865-ஆம் ஆண்டு வரைந்த ஓர் ஓவியத்தில், போரில் ஒரு காலை இழந்து கோலூன்றி நிற்கும் கறுப்பினப் படைவீரர் ஒருவரைச் சுட்டி, இவருக்கு ஏன் வாக்குரிமை இல்லை என்று நாட்டையே கேட்டார். 1871-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வரைந்த ஓவியத்தில், சீன நாட்டுத் தொழிலாளரை வெறிக்கூட்டத்தினின்று அமெரிக்கத் தாய் காத்து நிற்பதாகக் காட்டினார். அதே ஆண்டில், நியூயார்க் நகரக் கருவூலத்தைக் கொள்ளையிட்ட வில்லியம் ட்வீட் என்பவரையும் அவருடைய கூட்டாளிகளையும் வாரந்தோறும் வரைந்து மக்கள் முன் நிறுத்தினார். ட்வீட் 1873-ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டு, 1878-ஆம் ஆண்டு சிறையிலேயே இறந்தார். எழுத்தறியாத ஏழையும் விளங்கிக்கொள்ளத்தக்க வகையில் அநீதியைச் சுட்டிக்காட்டும் வல்லமை கேலிச்சித்திரத்துக்கு உண்டு என்பதற்கு நாஸ்டின் வாழ்வு சான்றாக விளங்குகிறது.

ஆகவே தீயவர் ஒருவர் வரைந்த தீய படங்களை இங்கே நாம் ஆராயவில்லை. நீதியின்மேல் பசிதாகமுள்ள ஒருவரின் கை எந்த இடத்தில் அயலானுக்கு விரோதமாகத் திரும்பியது என்பதையே ஆராய்கிறோம். திருப்பணியாளராகிய நமக்கு இந்த ஆய்வே மிகுந்த பயனுடையது.

2. பெயருள்ள இருவரும் பெயரற்ற ஒருவரும்

1868-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் வெளிவந்த 'இது வெள்ளையரின் அரசு' என்னும் படத்தை முதலில் நோக்குவோம். அமெரிக்க அரசின் படையுடையை அணிந்த கறுப்பின வீரர் ஒருவர் தரையில் வீழ்ந்து கிடக்கிறார். அவருடைய கை வாக்குப்பெட்டியை நோக்கி நீள்கிறது. மூவர் அவர்மேல் கால்வைத்து நின்று தங்களுக்குள் கைகோத்துக்கொள்கின்றனர். ஒருவர், அடிமை முறைக்காகப் போரிட்ட படைத்தலைவர் நேத்தன் பெட்போர்ட் பாரஸ்ட். மற்றொருவர், ஜனநாயகக் கட்சியின் செல்வர் ஆகஸ்ட் பெல்மான்ட். மூன்றாமவர் அயர்லாந்து நாட்டிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளி.

படத்தின் கருத்து நியாயமானது. ஆயினும் அம்மூவரின் முகங்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பாரஸ்டின் முகம் பாரஸ்டின் முகமே. பெல்மான்டின் முகமும் அவ்வாறே. அவர்கள் செய்த செயல்களுக்காக அவர்களே கூண்டில் நிறுத்தப்படுகிறார்கள். அயர்லாந்தியருக்கோ பெயரில்லை. தாழ்ந்த நெற்றியும், முன்தள்ளிய தாடையும், குரங்கின் வாயுமாக அவர் வரையப்பட்டிருக்கிறார். அவரிடத்தில் குற்றஞ்சாட்டப்படுவது ஒரு செயல் அன்று, ஒரு பிறப்பே என்பதை இதனால் அறியலாம்.

நாஸ்டின் சினத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1863-ஆம் ஆண்டு ஜூலையில், கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் எழுந்த கலகத்தில் அயர்லாந்து மக்கள் பலர் பங்குகொண்டனர். கறுப்பின மக்கள் தெருக்களில் கொல்லப்பட்டனர். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லம் எரிக்கப்பட்டது. அவ்வில்லம் எரிவதை இப்படத்தின் பின்புலத்திலும் காணலாம். ஆனால் அக்கலகத்தை அடக்க முயன்ற காவலரிலும் அயர்லாந்தியர் மிகுதி என்பதைப் படம் சொல்லவில்லை. தரையில் கிடக்கும் வீரர் அணிந்திருந்த அதே படையுடையை அயர்லாந்தில் பிறந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அணிந்து போரிட்டனர் என்பதையும் அது மறைத்துவிடுகிறது. ஒரு கூட்டத்தில் சிலர் செய்த கொலைபாதகத்தை அக்கூட்டத்தின் முகத்திலேயே எழுதிவிட்டால், அவ்வாறு செய்யாதவரும் அம்முகத்தைச் சுமந்தே தீரவேண்டியதாகிறது.

குரங்கு முகத்தை நாஸ்ட் தாமாகக் கற்பனை செய்யவில்லை. இலண்டனில் 1841-ஆம் ஆண்டு தொடங்கிய 'பஞ்ச்' இதழின் ஓவியர்கள் அயர்லாந்தியரை ஏற்கெனவே அவ்வாறு வரைந்துவந்தனர். ஜான் டெனியல் 1882-ஆம் ஆண்டு வரைந்த 'அயர்லாந்தின் பிராங்கென்ஸ்டைன்' அவ்வழக்கத்தின் உச்சம் எனலாம். முகத்தைக் கொண்டு உள்ளத்தை அளக்கலாம் என்னும் எண்ணம் அதற்கும் முந்தியது. அதை ஐரோப்பா எங்கும் பரப்பியவர், சூரிக் நகரில் சீர்திருத்தத் திருச்சபையின் குருவாக இருந்த யோகான் காஸ்பர் லவாட்டர் என்பவர். முகத்தின் அமைப்பைக் கொண்டு குணத்தை அறியும் முறையைக் குறித்து அவர் 1775 முதல் 1778 வரை நான்கு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். மனித அன்பை வளர்ப்பதே தம் நோக்கம் என்று அவர் கருதினார். பின்வந்தோர் அதை இனங்களைத் தரம் பிரிக்கும் அளவுகோலாக்கினர். மனிதன் முகத்தைப் பார்க்கிறான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேல் கற்ற பாடத்தை (1 சாமுவேல் 16:7) ஒரு குருவானவரே தலைகீழாக்கத் துணைபோனது வருந்தத்தக்கது.

3. கங்கை எங்கிருந்து வந்தது?

இனி முதலைகளின் படத்துக்குத் திரும்புவோம். அன்றைய சச்சரவு கல்வியைப் பற்றியது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் அளிக்கப்படுவதை நாஸ்ட் எதிர்த்தார். கத்தோலிக்க ஏழைகளின் வாக்குகளுக்காக ட்வீட் அதற்கு வழிசெய்தார். ஆகவே படத்தில் ட்வீட் கூட்டத்தார் மேட்டின்மீது நின்று குழந்தைகளை முதலைகளிடம் இறக்குகின்றனர். அரசுப் பள்ளிக்கூடம் இடிந்து நிற்கிறது. அதன் கொடி தலைகீழாகப் பறக்கிறது. அக்கரையில் ட்வீட்டின் கட்சி மாளிகை உரோமைப் பேதுரு ஆலயத்தின் வடிவில் எழுந்து நிற்கிறது.

அரசுப் பணம் எந்தத் திருச்சபையின் பள்ளிக்குப் போகலாம் என்பது நேர்மையான விவாதத்துக்குரிய பொருளே. ஆனால் அன்றைய அரசுப் பள்ளி எச்சமயமும் சாராத பொதுப்பள்ளி அன்று. அங்கே ஜேம்ஸ் மன்னர் காலத்துத் திருமறை மொழிபெயர்ப்பே வாசிக்கப்பட்டது. பிலதெல்பியா நகரின் கத்தோலிக்கப் பேராயர் கென்ரிக், தம் சபையின் பிள்ளைகள் தங்கள் திருச்சபைக்குரிய மொழிபெயர்ப்பை வாசிக்க இடந்தரவேண்டும் என்றே கேட்டார். அதனை ஒட்டி எழுந்த பகையில், 1844-ஆம் ஆண்டு மே மாதம், அந்நகரில் இரண்டு கத்தோலிக்க ஆலயங்கள் தீக்கிரையாயின. தீ வைத்த கூட்டத்தினர் தங்களைத் திருமறையின் காவலர் என்று சொல்லிக்கொண்டனர். அதே ஆண்டில், 'ஹார்ப்பர்ஸ்' பதிப்பகத்தை நிறுவிய சகோதரர்களில் மூத்தவராகிய ஜேம்ஸ் ஹார்ப்பர், குடியேறியவர்களுக்கு எதிரான கட்சியின் சார்பில் நியூயார்க்கின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாஸ்டின் படத்தில் சட்டைக்குள் திருமறை செருகிய ஆசிரியர் முதலைகளை எதிர்த்து நிற்கிறார். எரிந்த ஆலயங்களை அப்படத்தில் காணவியலாது.

எனினும் கங்கை ஏன் என்னும் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அவ்விடை நம் அருட்பணி வரலாற்றிலேயே இருக்கிறது. கங்கை கடலோடு கலக்கும் சாகர் தீவில், வேண்டுதலின் பொருட்டுச் சிலர் குழந்தைகளை நீரில் விடும் கொடுமை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. வில்லியம் கேரி அதைக் குறித்து விசாரித்து அரசுக்கு எழுதினார். தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி 1802-ஆம் ஆண்டு சட்டத்தின் வாயிலாக அதைத் தடைசெய்தார். குழந்தைகளுக்காகக் குரல்கொடுத்த கேரியின் செயல் போற்றத்தக்கது. அதைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை.

சட்டம் வந்தபின்பும் படம் மட்டும் மறையவில்லை. சேலையணிந்த தாயொருத்தி தன் குழந்தையை முதலையின் வாயில் எறியும் காட்சி, மேனாட்டு அருட்பணி இதழ்களிலும் சிறுவர் நூல்களிலும் மரச்செதுக்குப் படமாகப் பல பத்தாண்டுகள் அச்சிடப்பட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கண்ணீர்விட்டு அருட்பணிக்குக் காணிக்கை அளித்தனர். ஓரிடத்தில் சிலர் செய்தது, ஒரு நாட்டின் தாய்மார் அனைவரும் நாள்தோறும் செய்வதாக மாறிற்று. சட்டம் வந்து 69 ஆண்டுகள் கழித்து நாஸ்ட் தம் எழுதுகோலை எடுத்தபோது, கங்கை என்ற ஒரு சொல் போதுமானதாயிருந்தது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. குழந்தையை முதலைக்கு இரையாக்கும் மக்கள் யார் என்பதை அமெரிக்க வாசகர் ஒவ்வொருவரும் சிறுவயதிலேயே கற்றிருந்தனர்.

இப்படத்தில் இழிவு இரு மடங்காக உள்ளது என்பதை இப்போது உணரலாம். கத்தோலிக்க அயர்லாந்தியரை இகழ்வதற்காக அவர்கள் இந்தியரைப்போல் ஆகிவிட்டனர் என்று சொல்லப்படுகிறது. இந்தியர் இழிந்தவர் என்பதற்கோ நிரூபணமே தேவையில்லை. அது எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மையாகப் படத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளிப்படையாகத் தாக்கப்பட்டவர் மறுமொழி கூறலாம், நியூயார்க் கத்தோலிக்கருக்கு இதழ்களும் வாக்குகளும் இருந்தன. உவமையாக எடுத்தாளப்பட்டவருக்கு மறுமொழி கூறும் வாய்ப்புமில்லை, தாங்கள் பழிக்கப்பட்டார்கள் என்ற செய்தியும் அவர்களை எட்டாது.

நூறாண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டு இறையியல் வகுப்பில் அப்படத்தைப் பார்த்து நாங்கள் சிரித்தோமே, நாங்கள் எங்கே நின்று சிரித்தோம்? ஆசிரியருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளாக எங்களை எண்ணிக்கொண்டு சிரித்தோம். ஓவியரின் கணக்கிலோ நாங்கள் ஆற்றைச் சேர்ந்தவர்கள். நமக்குத் திருமறையைக் கொண்டுவந்த கைகளே இப்படத்தையும் கொண்டுவந்தன. திருமறையை நன்றியோடு ஏற்பவர் படத்தையும் சேர்த்து ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. திருச்சிராப்பள்ளியில் 1826-ஆம் ஆண்டு உயிர்நீத்துப் பரிசுத்த யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் பேராயர் ஹீபர், 1819-ஆம் ஆண்டில், இந்நாட்டைக் காணுமுன்பே, தம் புகழ்பெற்ற அருட்பணிப் பாமாலையில் இலங்கைத் தீவின் இயற்கையை வியந்து, அங்கு வாழும் மனிதரை மட்டும் இழிந்தோர் என்று பாடினார். அவருடைய பக்தியை மதிக்கிறோம். அந்த அடியை ஏற்க மறுப்பதற்கு அம்மதிப்பு தடையாகாது.

4. காத்த கையே பழித்தது

நாஸ்டின் வரலாற்றில் இன்னும் வேதனையான பகுதி ஒன்றுண்டு. கறுப்பின மக்களுக்காக வாதாடிய அவரே, 1874-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் வெளிவந்த முகப்புப் படத்தில், தென் கரோலினாச் சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்களைத் தடித்த உதடுகளும் வெறிபிடித்த கைவீச்சுமாக வரைந்தார். 1876-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் வெளிவந்த படத்தில் ஒரு தராசைக் காட்டினார். ஒரு தட்டில் தென்னாட்டுக் கறுப்பினத்தவர், மறுதட்டில் வடநாட்டு அயர்லாந்தியர். அறியாமையில் இருவரும் சமம் என்பது படத்தின் கருத்து. அடுத்த ஆண்டிலேயே, 1877-இல், தென்னாட்டுக் கறுப்பின மக்களுக்கு அரசு அளித்துவந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. இத்தகைய படங்களால் வடநாட்டு மக்களின் மனம் முன்னமே அதற்கு இசைந்திருந்தது எனலாம்.

இம்மாற்றத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது? நாஸ்டின் ஓவியங்களை வரிசையாக வைத்து நோக்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கறுப்பினத்தவர் கால் இழந்து நிற்கும்போது, தரையில் வீழ்ந்து கிடக்கும்போது, தம் பிள்ளையின் உடல்மேல் குனிந்து அழும்போது, அவருடைய முகம் மாண்புடையதாக வரையப்படுகிறது. சீனரும் தலைகவிழ்ந்து ஒடுங்கி அமர்ந்திருக்கும்போதே காக்கப்படுகிறார். அவரே எழுந்து சட்டமன்ற நாற்காலியில் அமர்ந்து, உரத்துப் பேசி, பிறரைப்போலவே தவறும் செய்யும்போது, முகம் மாறிவிடுகிறது. அதே சட்டமன்றத்தில் வெள்ளையரும் ஊழல் செய்தனர். அதற்காக வெள்ளையரினத்தின் முகத்தை நாஸ்ட் மாற்றி வரையவில்லை.

இரக்கம் வேறு, சமத்துவம் வேறு என்பதை இங்கே கற்கிறோம். வீழ்ந்தவர்மேல் இரங்குவது எளிது, ஏனெனில் இரங்குபவர் நிற்கிறார். எழுந்தவரைத் தோழராக ஏற்பதே கடினம். நல்ல சமாரியன் உவமையை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். குற்றுயிராய்க் கிடந்தவன் சமாரியன் என்றும், உதவியவன் யூதன் என்றும் ஆண்டவர் கதையை அமைத்திருந்தால், கேட்டவர்கள் மகிழ்ந்து தலையசைத்திருப்பார்கள். இகழப்பட்டவனை உதவி பெறுபவனாக வைக்காமல், உதவி செய்பவனாக, பணம் கொடுப்பவனாக, சத்திரக்காரனிடம் பொறுப்போடு பேசுபவனாக ஆண்டவர் வைத்தார். நாஸ்டினால் வரைய இயலாத படம் அதுவே.

5. நம் சொந்த மரபு

அரசியல் கேலிச்சித்திரத்தின் முன்னோரைத் தேடினால் நாம் விட்டன்பர்க் நகருக்கே போய்ச் சேருகிறோம். லூக்காஸ் கிரானாக் 1521-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கிறிஸ்துவின் பாடும் எதிர்க்கிறிஸ்துவின் பாடும்' என்னும் தொகுப்பில் 26 மரச்செதுக்குப் படங்கள் இணையிணையாக அமைந்துள்ளன. ஒருபுறம் சீடரின் கால்களைக் கழுவும் கிறிஸ்து, மறுபுறம் தம் காலை முத்தமிடச் செய்யும் போப்பு. கடுமையான தாக்குதலாயினும் அது செயலைச் செயலோடு ஒப்பிடுகிறது. போப்பு அந்தக் காலை மடக்கிக்கொண்டால் படம் பொய்யாகிவிடும். மனந்திரும்புதலுக்கு அங்கே இடமுண்டு.

இரண்டே ஆண்டுகளில், 1523-இல், கழுதைத் தலையும் செதிலுடலும் கொண்ட 'போப்புக் கழுதை' படம் மெலாங்க்தனின் விளக்கத்துடன் வெளிவந்தது. அரக்க உருவத்துக்கு மனந்திரும்புதல் இல்லை. அதை வேட்டையாடத்தான் இயலும். நாஸ்டின் முதலைப் பேராயர்கள் இந்த இரண்டாம் மரபின் பிள்ளைகள்.

இம்மரபு எங்கே சென்று முடிந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. லூதர் போதித்த விட்டன்பர்க் நகர ஆலயத்தின் வெளிச்சுவரில், யூதரைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் சிற்பம் ஏறத்தாழ 1305-ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. லூதர் அதை இடித்துரைக்கவில்லை. 1543-ஆம் ஆண்டு யூதருக்கு எதிராக எழுதிய நூலொன்றில் அதை எடுத்துக்காட்டிப் பரிகசித்தார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் என்பவர் 'டெர் ஸ்டூர்மர்' என்னும் இதழில் யூதரை வளைந்த மூக்கும் பேராசைக் கண்களுமாக வாரந்தோறும் வரையச் செய்தார். 1946-ஆம் ஆண்டு நியூரம்பர்க் நீதிமன்றத்தில் அவர் தம் தற்காப்பாக, லூதர் இன்று இருந்தால் அவரும் இக்கூண்டில் நிற்பார் என்னும் கருத்தைத் துணிந்து கூறினார். லூதரின் நூல்களைக் கற்ற எவரும் இக்கூற்றை அப்படியே ஏற்கமாட்டார். ஆயினும் அதைக் கேட்டு நாணாமலும் இருக்கமாட்டார்.

இதில் நம்மைச் சிந்திக்கவைக்கும் முரண்பாடு ஒன்றுண்டு. 1529-ஆம் ஆண்டு வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளைக்கு லூதரே அழகிய விளக்கம் எழுதியிருக்கிறார். பொய் சொல்லாதிருப்பது மட்டும் போதாது, அயலானுக்காகப் பரிந்து பேசி, அவனைப்பற்றி நன்மையாகச் சொல்லி, அவன் செயல்களுக்கு நல்ல பொருளையே கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. லுத்தரன் சபையார் அதை எட்டாம் கட்டளை என்றும் பிற சபையார் ஒன்பதாம் கட்டளை என்றும் எண்ணுகின்றனர். எண் எதுவாயினும், அயலான் என்ற சொல்லுக்குள் யூதரைச் சேர்க்க மறந்தபோது கட்டளையும் மறந்துபோயிற்று.

6. திருமறையில் கேலி இல்லையா?

இங்கே வாசகர் ஒரு தடையை எழுப்பலாம். ஆமோஸ் சமாரியாவின் செல்வப் பெண்டிரைப் பாசானின் பசுக்கள் என்று அழைக்கவில்லையா (ஆமோஸ் 4:1)? ஆண்டவர் ஏரோதை நரி என்று சொல்லவில்லையா (லூக்கா 13:32)? உண்மையே. ஆனால் அவ்வசனங்களை முழுமையாக நோக்கவேண்டும். ஆமோஸ் பெயர்சுட்டும் குற்றம் ஏழைகளை ஒடுக்குதல். ஏரோது அதிகாரத்தில் இருக்கும் தனிமனிதன், கொலை செய்யத் தேடுபவன். மேலும், முந்திய வசனத்தில் ஏரோதைக் குறித்து ஆண்டவரை எச்சரித்தவர்கள் பரிசேயர் என்று லூக்கா எழுதுகிறார். பரிசேயர் என்றாலே மாய்மாலக்காரர் என்று வரைந்து பழகிய நம் பிரசங்கங்களுக்கு அவ்வசனம் ஒரு கடிவாளம்.

இவற்றினும் கடினமானது தீத்து 1:12. கிரேத்தா தீவினர் எக்காலமும் பொய்யர், கொடிய மிருகங்கள், பெருந்தீனிச் சோம்பேறிகள் என்னும் பழிமொழியை ஆசிரியர் எடுத்துரைத்து, அது உண்மை என்று உறுதியும் கூறுகிறார். இதை மழுப்பிவிடுவது நேர்மையாகாது. அது ஓர் இனத்தின்மேல் சுமத்தப்பட்ட பொதுப்பழியே. கிரேத்தரில் ஒருவரே அதைச் சொன்னார் என்று ஆசிரியர் குறிப்பிடுவது பழியின் கூர்மையை ஓரளவு குறைக்கிறது, முற்றிலும் நீக்கவில்லை. எனினும் அந்நிருபம் அவ்வசனத்தோடு முடிந்துவிடவில்லை. அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தில், அந்தத் தீவின் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தும்படி தீத்துவுக்குக் கட்டளையிடப்படுகிறது. அம்மூப்பர் கிரேத்தரிலிருந்தே வரவேண்டியவர்கள். 3-ஆம் அதிகாரம் 3-ஆம் வசனத்திலோ, நாமும் முன்னே புத்தியீனரும் வழிதப்பியவர்களுமாய் இருந்தோம் என்று ஆசிரியர் தம்மையும் அக்கூண்டில் ஏற்றிக்கொள்கிறார். 1:12-ஐ மட்டும் எடுத்து வரைந்தால் கேலிச்சித்திரம் கிடைக்கும். 3:3 வரை வாசித்தால் நற்செய்தி கிடைக்கும்.

திருமறையின் மிகச் சிறந்த கேலிச்சித்திரம் யோனாவின் புத்தகம் என்பது என் கருத்து. அங்கே நகைப்புக்கு இடமாகிறவர் அந்நியர் அல்லர். கப்பலோட்டிகளாகிய புறசாதியார் வேண்டுதல் செய்கிறார்கள், நினிவேயின் மிருகங்கள்கூட இரட்டுடுத்துகின்றன. கர்த்தருடைய தீர்க்கதரிசியோ ஒரு செடிக்காகக் கோபித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். இஸ்ரவேலர் தங்களைப் பார்த்தே சிரிக்கக் கற்ற நூல் அது. அதைத் தங்கள் திருமறையில் சேர்த்துக்கொண்டது அவர்களுடைய பெருமை.

7. பீடத்திலிருப்போருக்கு

நம்மில் கேலிச்சித்திரம் வரைவோர் சிலரே. ஆனால் பிரசங்கத்தில் நாம் சொல்லும் உதாரணங்கள் ஒவ்வொன்றும் சொற்களால் வரையும் படங்களே. வேறு சபையாரையும் வேறு மதத்தாரையும் பற்றி, அவர்கள் முன்னிலையில் சொல்லத் துணியாத கதைகளை நாம் பீடத்தில் சொல்லியதில்லையா? ஒரு வகுப்பாரின் பேச்சுமொழியைப் பின்பற்றிக் காட்டிச் சபையாரைச் சிரிக்கவைத்ததில்லையா? கிறிஸ்துமஸ் நாடகத்தில் சாத்தானுக்குக் கறுப்பு மை பூசி, தேவதூதனுக்குச் சிவந்த பிள்ளையைத் தேடிப்பிடிக்கும் வழக்கம் நம் சபைகளில் இல்லையா? விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாம் பயன்படுத்தும் சொல்லில்லாப் புத்தகத்தின் முதற்பக்கம் கறுப்பு, அது பாவத்தைக் குறிக்கிறது. ஸ்பர்ஜன் 1866-ஆம் ஆண்டில் அதை விளக்கியபோது அவர் தீங்கேதும் எண்ணவில்லை. ஆயினும் நம் ஊர்ப் பிள்ளை அப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் பார்க்கிறது என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்வது நலம். இருள் என்றும், கறை என்றும் சொல்லித் திருமறை பாவத்தை விளக்கும் வழிகள் பல உள்ளன. ஒரு பிள்ளையின் தோலின் நிறத்தை அதற்குக் கடன்வாங்க வேண்டியதில்லை.

இத்தகைய படங்களை அழித்துவிடவேண்டும் என்று நான் கூறவில்லை. விட்டன்பர்க் சபையார் அச்சிற்பத்தின் கீழ் 1988-ஆம் ஆண்டு ஒரு நினைவுக்கல்லைப் பதித்தனர். சிற்பம் அகற்றப்படவேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கில், விளக்கத்தோடு அது இருக்கலாம் என்று ஜெர்மனியின் உயர்நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதை அகற்றவேண்டும் என்போரின் வேதனையும் நியாயமானதே. வகுப்பறையைப் பொறுத்தவரையில், மறைக்கப்பட்ட படத்தைவிட விளக்கப்பட்ட படமே மாணவருக்குப் பாடமாகும் என்று கருதுகிறேன்.

ஒரு கேலிச்சித்திரத்தையோ ஒரு பிரசங்க உதாரணத்தையோ சோதித்தறிய மூன்று கேள்விகள் போதும். இது ஒருவர் செய்த செயலைக் காட்டுகிறதா, அவருடைய பிறப்பைக் காட்டுகிறதா? அவர் மனந்திரும்பினால் இப்படம் பொய்யாகுமா, அன்றி அப்போதும் அவர்மேல் ஒட்டியிருக்குமா? என்னையும் என் கூட்டத்தையும் இது எங்கேனும் தொடுகிறதா? நாத்தான் தாவீதுக்குச் சொன்ன கதை மூன்றிலும் தேறும். அமெரிக்கக் கங்கை மூன்றிலும் தவறும்.

அம்மாணவி இப்போது ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்கிறார். நான் இன்றும் அப்படத்தை வகுப்பில் காட்டுகிறேன். முன்பு ஆசிரியரிலிருந்து தொடங்குவேன், இப்போது தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். சாகர் தீவையும், 1802-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், பிலதெல்பியாவில் எரிந்த ஆலயங்களையும் சொன்ன பிறகே ஆசிரியரிடம் வருகிறேன். அவருடைய துணிவை இன்றும் மறுக்கவில்லை. அவருடைய சட்டைக்குள் இருக்கும் நூலை அவர் திறந்து வாசித்திருப்பாரானால், ஆற்றிலிருந்து வருகிறவர்களும் தேவசாயலாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதை அதன் முதல் அதிகாரத்திலேயே கண்டிருப்பார் என்று மட்டும் சொல்கிறேன்.